காது மந்தம்

மேனேஜரம்மா என்பது சொந்தக்காரர்கள் கேலியாக வைத்த பெயர். எந்த ஆபீசையும் அவள் நிர்வாகம் செய்ததில்லை, செய்ததெல்லாம் புருஷனைத்தான். அவர் ரிட்டயரான கணக்கு வாத்தியார். இரண்டு வருஷமாக அவருக்கு ஞாபகம் தப்பிக்கொண்டு வந்தது. யார் என்ன கேட்டாலும் அவர் வாயைத் திறக்கும் முன் இவள் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுவாள். ஏனென்று கேட்டால், "அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்ங்க" என்பாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். வெளிநாட்டில் இருக்கும் மகனிடமும் அதே கதை. தெரிந்தால் அப்பாவை ஏதாவதொரு காப்பகத்தில் சேர்த்துவிடுவான் என்று பயம். பாவி மனுஷி, அந்தப் பயத்தை மடியில் கட்டிக்கொண்டே புருஷனோடு விமானம் ஏறி மகன் வீட்டுக்கு வந்திருந்தாள்.

ஒருநாள் காலையில் மகன் அவர்களை அந்த ஊர்ப் பழைய சந்தையில் இறக்கிவிட்டு வேலைக்குப் போனான். நூற்றைம்பது வருஷத்துக் கட்டடம். இரும்புத் தூண்கள், கண்ணாடிக் கூரை, அதன் கீழே மீனும் இறைச்சியும் ரொட்டியும் பழமுமாக முந்நூறு கடைகள், நாலு திசைக்கும் வாசல். ஒரு பழக்கடையில் அவள் செர்ரியைப் பொறுக்க ஆரம்பித்தாள். கடல் கடந்து போனாலும் சொத்தை பார்க்கிற புத்தி போகுமா? பொறுக்கி முடித்துத் திரும்பினாள். வாத்தியாரைக் காணோம்.

"என்னங்க! என்னங்க!" என்று மீன் வரிசை, ரொட்டி வரிசை, மறுபடி மீன் வரிசை என்று ஓடினாள். ஐஸ் உருகி வழிந்த தரையில் இரண்டு தரம் வழுக்கினாள். முன்வாசல் காவலாளியைப் பார்த்ததும் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் கொட்டித் தீர்த்தாள். நீலச் சட்டை, வழுக்கைத் தலை, மூக்குக்கண்ணாடி என்று புருஷனின் அடையாளம் சொன்னாள்.

"அவருக்கு உடம்புக்கு ஏதாவது பிரச்சினை உண்டாம்மா?" என்று அவன் கேட்டான்.

உண்மை நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் பழகின வாயாயிற்றே!

"காது மட்டும் கேக்காது," என்றாள்.

அவன் அடையாளத்தோடு அதையும் அப்படியே வாக்கிடாக்கியில் மற்ற வாசல்களுக்குச் சொன்னான். "அவ்வளவுதானே? நீங்க கூப்பிட்டது கேட்டிருக்காது. விட்ட இடத்துக்கே வந்துடுவாரு. அங்கயே நில்லுங்க."

போனில் மகனும் அதையேதான் சொன்னான். "காதுதானேம்மா, பதறாத. அப்பா என்ன குழந்தையா?"

நின்றாள். நாற்பது நிமிஷம் நின்றாள். சொல்லித் தொலையேன்டி என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. வாய் வரவில்லை. பழக்காரி முக்காலியை நகர்த்திக் கொடுத்தாள், உட்காரத் தோன்றவில்லை. எதிர்க்கடையில் ஒரு பெட்டி மீன் விற்றுத் தீர்ந்தது. அதற்கு மேல் தாங்காமல் பின்வாசலுக்கு ஓடினாள்.

அங்கே வேறொரு காவலாளி. அடையாளம் சொன்னதும் அவன் முகம் மாறியது.

"நீலச் சட்டையா? இங்கதான் அரை மணி நேரம் நின்னாரு. எனக்கும் சந்தேகம்தான். பின்னாடி போய் மெதுவாக் கூப்பிட்டேன், சட்டுனு திரும்பிட்டாரு. கேட்டதுக்கெல்லாம் நல்லா பதில் சொன்னாரு. நீங்க தேடுறது காது கேக்காதவராச்சே, இவர் இல்லைன்னு விட்டுட்டேன்."

"எங்க போனாரு?"

"ஸ்கூலுக்கு நேரமாச்சுன்னாரு. நான்தான் கதவைத் திறந்து விட்டேன்."

வெளியே நாலு சாலை கூடுகிற இடம். பஸ்ஸும் காருமாக விரைந்துகொண்டிருந்தன. எந்தப் பக்கம் ஓடுவது? கையில் போன் அடித்தது.

"அம்மா, அப்பா வந்துட்டாரா?"

"டேய், உங்கப்பாவுக்குக் காது நல்லா கேக்கும்டா! ஞாபகம்தான்டா இல்ல! ரெண்டு வருஷமா இல்லடா, நான்தான் மறைச்சேன்!" நடுத்தெருவில் நின்று அலறினாள். போகிறவர் வருகிறவரெல்லாம் ஒதுங்கிப் போனார்கள். "நீ அவரை எங்க வேணா சேர்த்துக்கோடா, நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். ஆளை மட்டும் தேடிக் குடுத்துடுடா!"