காற்றுச் சோதனைக்குக் காத்திருந்த வீடு

ஃபின்லே அடுப்புச் சாம்பலை வாளியில் அள்ளிக்கொண்டிருந்தான். அவனுடைய அப்பா லாக்லன் மேஜையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. கேப் பிரெட்டன் தீவில், கடலுக்கு அடியில் போகும் சுரங்கத்தில் நிலக்கரி வெட்டி ஓய்ந்தவர்.

"என் வீட்டைச் சூடாக்க அரசாங்கம் பணம் தருதாம். அதுக்கு முதல் வேலையா என் அடுப்பை அணைக்குது. நல்ல மூளை."

"எல்லா வீட்டுக்கும் இதே விதிதாம்ப்பா."

சுவருக்குள்ளும் கூரைக்கு அடியிலும் குளிர் தடுக்கும் பஞ்சை அடைத்து, ஜன்னல்களை மாற்றினால், செலவில் பெரும்பங்கை அரசு திருப்பித் தரும். ஆனால் வேலை தொடங்கும் முன் ஒரு சோதனை உண்டு. வாசலில் பெரிய விசிறியைப் பொருத்தி வீட்டுக் காற்றை வெளியே இழுப்பார்கள். எந்த இடுக்கு வழியாகக் குளிர் எவ்வளவு உள்ளே வருகிறது என்று அளப்பார்கள். அடுப்பில் கங்கு இருந்தால் அந்த இழுப்பில் புகையும் சாம்பலும் வீடு முழுக்கப் பறக்கும். அதனால் முந்தைய நாளே அடுப்பு அணைந்திருக்க வேண்டும். சூடு மிச்சமிருந்தால் வந்தவர் திரும்பிப் போய்விடுவார். தீவில் பாதிப் பேர் மனுப் போட்டிருந்தார்கள். இந்த வாய்ப்பை விட்டால் பனிக்காலம் முடிந்துதான் அடுத்தது.

ஃபின்லே இன்னொரு கணக்கும் போட்டிருந்தான். இப்போது வீடு எவ்வளவு மோசமோ, பிறகு அவ்வளவு முன்னேற்றம், அவ்வளவு பணம். அதனால் குளிர் புகாமலிருக்க வருடாவருடம் வீட்டின் அடியைச் சுற்றி அடுக்கும் ஊசியிலைக் கிளைகளை இந்த முறை அடுக்கவில்லை. அன்று காலை, அப்பாவின் ஜன்னல் இடுக்குகளில் அவர் திணித்து வைத்திருந்த பழைய காலுறைகளையும் ஒவ்வொன்றாக உருவி எறிந்தான்.

அவன் மனைவி நோரீன் ஆஸ்பத்திரிச் சமையலறை வேலைக்குக் கிளம்பினாள்.

"மாமாவுக்கு நெஞ்சுச் சளி இருக்கு. உங்க அக்கா வீட்ல விட்டுடு."

"அவ வீட்ல நாலு பூனை," என்றார் லாக்லன். "நான் இங்கேயே கிடக்கேன்."

"கேட்டல்ல? அரசர் சொல்லிட்டார்," என்றான் ஃபின்லே.

அன்று இரவே பனிப்புயல் வந்தது. சாலையை மூடிவிட்டார்கள். நோரீன் ஆஸ்பத்திரியிலேயே மாட்டிக்கொண்டாள். காலையில் சோதனைக்கு வரவேண்டிய டெனீஸ் போன் செய்தாள்.

"இன்னைக்கு வர முடியாது சார். வழி விட்டா நாளைக்கு வந்துடறேன். அடுப்பு இல்லாம சமாளிப்பீங்களா? வேற ஹீட்டர் இருக்கா?"

"இருக்கு," என்றான். மின்சார ஹீட்டர் இருந்தது உண்மைதான். போட்டால் பழைய வயரிங் தாங்காமல் ஃப்யூஸ் போய்விடும்.

மதியம் நோரீன் கூப்பிட்டாள்.

"அடுப்பைப் பத்த வை."

"நாளைக்கு அவ வந்துடுவா."

"வராட்டிப் போறா. மாமா என்ன சொல்றார்?"

"ஒண்ணும் சொல்லல. கேட்டா பத்த வைப்பேன்."

"என்னத்தைக் கேக்கணும்?"

"ஒரு தடவை. 'ஃபின்லே, கொஞ்சம் பத்த வைடா'ன்னு. அவ்வளவுதான். பொறந்ததுல இருந்து இந்த மனுஷன் என்கிட்ட ஒண்ணு கேட்டிருக்காரா?"

"உனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு," என்றாள் நோரீன். லைன் கரகரத்துத் துண்டித்துக்கொண்டது.

சுரங்கம் மூடியபோது ஃபின்லே சம்பாதிக்க மேற்கே அல்பெர்ட்டாவின் எண்ணெய் வயல்களுக்குப் போனான். மூன்று வருடம் கழித்து வெறுங்கையோடு திரும்பினான். "என் மகன் எண்ணெய் எடுக்கப் போய் மீசையை மட்டும் வளர்த்துட்டு வந்திருக்கான்," என்று லாக்லன் சுரங்கத் தொழிலாளர் சங்கக் கூடத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னார். அன்றிலிருந்து ஊரில் அவனுக்கு மீசை என்றே பெயர். மீசையை மழித்த பிறகும்.

மாலையில் அவன் தேநீர் கொண்டுபோனான். லாக்லன் கோட்டும் தொப்பியும் போட்டபடி மூன்று கம்பளிக்குள் கிடந்தார். மூச்சு ரம்பம்போல இழுத்தது.

"குளிருதா?"

"கடலுக்கு அடியில மூணு மைல் போனவன்கிட்ட கேக்கற கேள்வியா இது?"

"வாயைத் திறந்து கேளுங்க. இப்பவே பத்த வைக்கறேன்."

"உன்கிட்டயா?" லாக்லன் சிரித்தார். சிரிப்பு இருமலாகி வெகுநேரம் நிற்கவில்லை. "மீசைகிட்டயா?"

ஃபின்லே தேநீரை ஸ்டூலில் வைத்தான்.

"கதவை மூடிட்டுப் போ."

"சோதனைக்கு எல்லாக் கதவும் திறந்திருக்கணும்."

"அது நாளைக்குத்தானே."

"இப்பவே பழகிக்கங்க."

வெளியே போய் வண்டியில் ஏறி, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு ஹாக்கி வர்ணனை கேட்டான். வீட்டு ரேடியோவைவிட வண்டியில் தெளிவாகக் கேட்கும் என்று தனக்கே சொல்லிக்கொண்டான். ஆட்டம் முடியும்வரை இறங்கவில்லை. திரும்பி வந்தபோது அப்பாவின் அறையிலிருந்து அந்த ரம்பச் சத்தம் கேட்டது. கூப்பிடுவாரா என்று கூடத்தில் சிறிது நேரம் நின்றான். பிறகு படுக்கப் போனான்.

காலையில் பனியைத் தள்ளும் வண்டிக்குப் பின்னாலேயே டெனீஸ் வந்துவிட்டாள். அடுப்பைத் தொட்டுப் பார்த்துத் தலையசைத்தாள்.

"வீடு ஐஸ் பெட்டி மாதிரி இருக்கே சார். ஹீட்டர் இருக்குன்னீங்க?"

"பழுதாயிடுச்சு."

"உள்ள யாராவது இருக்காங்களா?"

"அப்பா தூங்கறார். நீங்க வேலையைப் பாருங்க."

வாசலில் விசிறி உறுமியது. திரைச்சீலைகள் எழுந்து ஆடின. டெனீஸ் காற்று புகும் இடுக்கைக் காட்டும் புகைக்குச்சியோடு அறை அறையாகப் போனாள். எங்கே காட்டினாலும் புகை சிதறி ஓடியது.

"நான் அளந்ததிலேயே மோசமான வீடு இதுதான்."

"அப்படியா?" ஃபின்லேயால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கடைசியாக லாக்லனின் அறை. ஜன்னல் இடுக்கிலிருந்து வந்த காற்றில் அவருடைய தொப்பிக்கு வெளியே தெரிந்த நரைமுடி அசைந்துகொண்டிருந்தது. ஸ்டூலில் தேநீர் வைத்தபடியே இருந்தது.

"முடிஞ்சிடுச்சு ஐயா. அடுப்பைப் பத்த வைக்கச் சொல்லிடறேன்," என்றபடி டெனீஸ் விலகிக் கிடந்த கம்பளியை இழுத்துவிட்டாள். அவள் விரல் அவர் கழுத்தில் பட்டது. கையை எடுக்காமல் அப்படியே நின்றாள்.

விசிறியை நிறுத்திவிட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். அவள் பேசி முடிக்கும்வரை ஃபின்லே அறைக்கு வெளியிலேயே காத்திருந்தான்.

"அந்த அளவு செல்லும்ல?" என்று கேட்டான். "எல்லா ரூமும் பார்த்துட்டீங்கதானே?"

டெனீஸ் விசிறியைக்கூடக் கழற்றாமல் போய்த் தன் காரில் உட்கார்ந்துகொண்டாள்.

ஆம்புலன்ஸுக்குப் பின்னாலேயே நோரீன் வந்து சேர்ந்தாள். உள்ளே ஃபின்லே அடுப்பின் முன் மண்டியிட்டு விறகு அடுக்கிக்கொண்டிருந்தான். தீக்குச்சி இரண்டு முறை அணைந்தது.

"இப்ப யாருக்கு அது?" என்றாள் நோரீன்.

"சனங்க வருவாங்க. துக்க வீட்ல குளிர்ல உட்கார வைக்க முடியுமா?"

மூன்றாவது குச்சி பற்றிக்கொண்டது. ஃபின்லே அடுப்புக் கதவைச் சாத்திவிட்டு நிமிர்ந்தான்.

"அவர் கேக்கவே இல்ல, நோரீன்," என்றான், அப்பாவின்மீது புகார் சொல்வதுபோல. "கடைசி வரைக்கும் கேக்கவே இல்ல."