நாற்பத்தொரு பேரைக் கழித்த பிறகு

காலையிலிருந்து அவள் வரைபடத்தில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். முதலில் ஒரு செருப்புக் கடைக்கு, பிறகு ஒரு பல் மருத்துவருக்கு. இடம், வயது, ஆணா பெண்ணா, எதைத் தேடுகிறவர்கள் என்று ஒவ்வொன்றாகக் கொடுத்தால், விளம்பரம் எத்தனை பேர் கைப்பேசிக்குப் போய்ச்சேரும் என்று திரையின் ஓரத்தில் ஓர் எண் வரும். அந்த எண்ணைச் சொல்வதுதான் ஆறு வருடமாக அவள் வேலை. அலுவலகத்தில் அவளுக்கு 'நம்பர் அக்கா' என்றே பெயர்.

அடுத்தது ஆள் பிடித்துக் கொடுக்கும் ஓர் ஏஜென்சி அனுப்பியது. சரக்குக் கிடங்கு வேலை. எட்டு கிலோமீட்டருக்குள் இருக்கும் ஆண்கள், இருபத்தொன்று முதல் முப்பத்தைந்து வயது வரை. எண் வந்தது: பதினாலாயிரத்திலிருந்து பதினாறாயிரம்.

"புதுக் கிளை திறக்கறாங்களாம்," என்றார் பின்னால் வந்து நின்ற மேலாளர். "கூடவே ஒரு லிஸ்ட் இருக்கு. அதுல இருக்கறவங்க கண்ணுல இந்த விளம்பரம் படக்கூடாது. ஏத்திடுங்க."

விலக்குப் பட்டியல் அவளுக்குப் புதிதல்ல. சோபா வாங்கியவனுக்கே மறுபடி சோபாவைக் காட்டிக் காசைக் கரியாக்க வேண்டாமென்று கடைக்காரர்கள் அனுப்புவார்கள். ஆனால் வேலைக்கு ஆள் தேடுகிறவர்கள் யாரிடமிருந்து எதை மறைக்கிறார்கள்? மனசு உறுத்தியது. மேலாளர் நகர்ந்ததும் வட்டத்தின் நடுப்புள்ளியைப் பெரிதாக்கிப் பார்த்தாள். புதுக் கிளையும் இல்லை, ஒன்றும் இல்லை. அவள் கணவன் ஒன்பது வருடமாகச் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டும் அதே கிடங்கு, அதே நீலத் தகரக் கூரை.

பட்டியலைத் திறந்தாள். பெயர்கள் இல்லை, கைப்பேசி எண்கள் மட்டும், மொத்தம் நாற்பத்தொன்று. பதினேழாவது வரியில் இருந்தது அவள் தினமும் நாலு தடவை கூப்பிடும் எண். விளம்பரத்தை மறுபடி படித்தாள். 'நாற்பத்தொரு ஆட்கள் தேவை. ஒப்பந்த வேலை.' கீழே அதே கிடங்கின் முகவரி.

வாடிக்கையாளர் விஷயம் வெளியே போனால் வேலை போகும் என்று சேரும்போதே ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அவன் வேலை போகப்போகிறது. இவளுடையதும் போனால் இரண்டு பிள்ளைகளோடு தெருவில்தான் நிற்க வேண்டும். வாயைத் திறக்க முடியாது. ஆனால் அவன் கைப்பேசியே அவனுக்குச் சொல்லிவிட்டால்? பதினேழாவது வரியை அழித்துவிட்டுப் பட்டியலை ஏற்றினாள்.

ஓரத்து எண் அசையவில்லை. அந்தக் கருவி ஆயிரம் ஆயிரமாகத்தான் எண்ணும். நாற்பது பேர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

மதியம் மேலாளர் அவள் திரையைத் தன் பக்கம் திருப்பினார்.

"நாப்பதுதான் ஏறியிருக்கு. அவங்க நாப்பத்தொண்ணு அனுப்பினாங்களே?"

"ஒரு நம்பர் ரெண்டு தடவை இருந்துச்சு சார். எடுத்துட்டேன்."

அவர் தன் மேசைக்குப் போய், ஏஜென்சி அனுப்பிய பட்டியலைத் திறந்து ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் பார்த்தார். அவள் தண்ணீர் குடித்தாள். பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்தார்.

"எதுவும் ரெண்டு தடவை இல்லை. நாப்பத்தொண்ணையும் நானே ஏத்திட்டேன்." அவள் முகத்தைப் பார்த்தார். "ஒரு தாள்ல கையெழுத்துப் போட்டிருக்கீங்க. ஞாபகம் இருக்கில்ல?"

"இருக்கு சார்."

சாயங்காலம் வீட்டில் கணவன் இடுப்புக்குத் தலையணை கொடுத்துச் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். கொழுந்தன் கைப்பேசியும் கையுமாக உள்ளே வந்தான். ஆறு மாதமாக வேலை தேடி அலைகிறவன்.

"அண்ணே, உங்க கிடங்குலயே ஆள் எடுக்கறாங்க. ஒரு வார்த்தை சொன்னியா?"

"எனக்கே தெரியாதுடா. எத்தனை பேராம்?"

"நாப்பத்தொண்ணு."

"இருக்கறதே நாப்பத்தொரு பேர்தான். அப்படியே டபுள் பண்றாங்க போல." அவன் முகம் மலர்ந்தது. "ஆள் பத்தலைன்னு நாங்க கத்துனது இப்பத்தான் காதுல விழுந்திருக்கு."

தன் கைப்பேசியை எடுத்துத் தேடினான். மேலிருந்து கீழே, மறுபடி கீழிருந்து மேலே. மெல்ல அவன் நெற்றி சுருங்கியது.

"எனக்கு ஏன் வரலை? என்னம்மா, இது உன் வேலைதானே. எனக்கு மட்டும் ஏன் காட்டலை?"

அடுப்பில் பால் பொங்கி வந்தது. அவள் அதை இறக்கிவைத்தாள். அவனை ஏறிட்டுப் பார்க்க வெட்கமாக இருந்தது.

"எல்லாருக்கும் வராது," என்றாள்.

"நீதான் உள்ளயே இருக்கியே, உனக்கு எதுக்குண்ணே காட்டணும்?" என்று சிரித்த கொழுந்தன் படிவத்தை நிரப்பத் தொடங்கினான். "இங்க பாரு, கிடங்குல தெரிஞ்சவங்க பேர் கேக்கறான்."

"என் பேரைப் போடு," என்றான் கணவன், தன் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒன்பது வருஷம்னும் போடு. அதுக்கு ஒரு மரியாதை இருக்கும்."

கொழுந்தன் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி, அனுப்பினான். அவன் திரையில் பச்சை நிறத்தில் ஒரு டிக் வந்தது. அண்ணனின் கட்டைவிரல் இன்னும் தேடிக்கொண்டிருந்தது.