காலியா விட்ட கட்டம்

மையத்த தூக்கிட்டுப் போற சந்தூக்குப் பெட்டி மாடிக்கு ஏறவே மாட்டேங்குது. தெங்கேராவுல பழைய கடைவீடு, படி ஒடுக்கம், நடுவுல ஒரு வளைவு வேற. "தூக்கு, தூக்கு... இல்ல, சாய்ச்சுப் புடி"ன்னு ஆளுக்கு ஒன்னா சொன்னாங்க. கடைசியில சந்தூக்க கீழயே வச்சுட்டு, கஃபன் துணி சுத்துன நூர்தீன கையிலயே தாங்கி எறக்குனாங்க. அரிசி மூட்டைய தோள்ல போட்டுக்கிட்டு இதே படியில ஏறி எறங்குன மனுசன்.

அவரு பொண்டாட்டி ஹஃப்சா ரூம்ல நின்னு சத்தத்த மட்டும் கேட்டுக்கிட்டு இருந்தா. காலடி கொறைஞ்சு, கீழ கலிமா சத்தமும் தள்ளிப் போச்சு.

"வெள்ளிக்கெழம. ஜும்மா முடிஞ்சு அடக்கம். குடுத்து வச்சவன் எந் தம்பி"ன்னு மதினி முந்தானையில மூஞ்ச தொடச்சாங்க. நூர்தீனோட அக்கா அவங்க.

காலையில சுபுஹு தொழுதுட்டு நெஞ்ச புடிச்சுக்கிட்டு உக்காந்தவருதான். ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுருச்சு.

ஹஃப்சா கட்டில்ல உக்காந்து லேப்டாப்ப தொறந்தா. மதினி ஒரு மாதிரி பாத்தாங்க.

நாளைக்கு மத்தியானம் அலோர் காஜாவுல கல்யாண விருந்து. நானூறு பேருக்கு கோழி பிரியாணி. பொண்ணு புனிதா. அவ அப்பா காளிமுத்து, இவங்க பிரியாணி கடைக்கு கோழி கொண்டாற லோரி டிரைவரு. அந்தப் புள்ள பொறந்தப்பவே "இவ கல்யாணத்துக்கு என் சட்டிதான்"னு நூர்தீன் வாக்கு குடுத்துட்டாரு. கீழ ஐஸ் பெட்டியில கோழி வந்து கெடக்கு. அரிசி எவ்வளவுன்னுதான் முடிவாகல.

எக்செல்ல அந்த வரிக்குப் போனா. பேர், தேதி, எத்தன பேரு. பக்கத்துல கணக்கு போட்டது: நாப்பத்தி நாலு கிலோ. அதுக்கு அடுத்தாப்புல மஞ்சள் கட்டம். காலி.

புக்கிட் ரம்பாய் ஃபேக்டரியில ஸ்டோர் கிளார்க்கா இருந்தவ ஹஃப்சா. கடைக்கு அந்த எக்செல் அவ போட்டதுதான். மொதல்ல மஞ்சள் கட்டமெல்லாம் கெடையாது. தலைக்கு இவ்வளவுன்னு கணக்கு வரும், அவ்வளவுதான். நூர்தீன் என்னா பண்ணுவாருன்னா, பதில் வர்ற கட்டத்துலயே நேரா தன் நம்பர அடிச்சுருவாரு. ஃபார்முலா அதோட போயிரும். ஒரு தடவ ஹஃப்சா அந்த வரிய அப்படியே காப்பி பண்ணி அடுத்த ஆர்டருக்கு வச்சுட்டா. எரநூறு பேரு கெண்டுரி விருந்துக்கு எம்பது பேரு அரிசி. பாதி பந்தியில சட்டி சுரண்டுற சத்தம். ரெண்டு பேரும் ஓடிப் போயி பக்கத்து கடைங்கள்ல வெள்ளச் சோறு வாங்கி சமாளிச்சாங்க.

அன்னிக்கி வீட்டுக்கு வந்துதான் மஞ்சள் கட்டத்த போட்டா. "இது உங்களுக்கு. இதுல என்னா வேணும்னாலும் அடிங்க. இது காலின்னா எங் கணக்க எடுக்கும். நீங்க ஏதாச்சும் அடிச்சா ஒங்க நம்பர எடுக்கும். பதில் வர்ற கட்டத்த பூட்டிட்டேன்."

"எங் கடையில எனக்கே பூட்டா?"

"ஆமா."

அப்புறம் ஒரு ஆர்டர் விடாம மஞ்சள் கட்டத்துல ஏதாச்சும் அடிப்பாரு. ஸ்கூல் லீவு, பசங்க வருவாங்க, கூட்டு. மழ மாதிரி இருக்கு, கொற. மண்டபத்துல ஃபேன் இல்ல, ஜனங்க நிக்க மாட்டாங்க, கொற. சில நேரம் சரியா இருக்கும். சில நேரம் மிஞ்சும். மிஞ்சுனா ரெண்டு நாளைக்கு அந்த பிரியாணியதான் ரெண்டு வேளையும் ஒரு வார்த்த பேசாம திம்பாரு. எதிர்ல உக்காந்து இவ ஊறுகா வைப்பா. அதுவும் பேசாமதான். சிரிப்ப அடக்குறது கஷ்டமா இருக்கும்.

செவ்வாக்கெழம அலோர் காஜா போயி மண்டபத்த பாத்துட்டு வந்தாரு. வந்து குளிச்சாரு, சாப்டாரு, படுத்தாரு. ஒன்னும் அடிக்கல. அப்புறம் கேட்டுக்கலாம்னு இவளும் விட்டுட்டா.

கட்டம் காலின்னா ஃபார்முலாவுக்கு எல்லாம் ஒன்னுதான். இன்னும் யோசிச்சுக்கிட்டு இருந்தாரா, மறந்துட்டாரா, அதுக்கு என்னா தெரியும். நாப்பத்தி நாலுன்னு காட்டிக்கிட்டு நிக்குது. பத்தாம போச்சுன்னா? நூர்தீன் பாய் கடைசி ஆர்டர்ல சோறு பத்தலன்னுதானே ஊரு பேசும்.

சாயங்காலம் அசர் தொழுகைக்கு முன்ன எல்லாரும் அடக்கம் முடிச்சு கபுருஸ்தான்லேர்ந்து திரும்புனாங்க. படியில காளிமுத்து கொரலு கேட்டுச்சு. எப்பவும் நேரா உள்ள வந்து "அக்கா, தே தாரே"ன்னு டீ கேட்டு உக்காருற ஆளு. இன்னிக்கி ரூம் வாசல்ல திரை தொங்குது. மதினி மகன் அஷ்ரப் மெதுவா, "மாமி இத்தா இருக்காங்க, அண்ணே. இனி நாலு மாசம் பத்து நாளு வெளி ஆம்பளைங்க முன்ன வர மாட்டாங்க"ன்னான். காளிமுத்து ரெண்டு எட்டு பின்னால போயி, திரைய பாத்து பேசுனாரு.

"அக்கா... நாளைக்கு சாப்பாட நெனச்சு கொழப்பிக்காதீங்க. நான் வேற எடத்துல சொல்லிக்கிறேன்லா."

"அதான் சரி தம்பி. மௌத்தான வீட்ல அடுப்பு பத்த வைக்கக் கூடாது"ன்னாங்க மதினி.

ஹஃப்சா மஞ்சள் கட்டத்த இன்னொரு தடவ பாத்தா. அப்புறம், "காளி, செவ்வாக்கெழம மண்டபத்துல அவரு ஏதாச்சும் சொன்னாரா? அரிசி பத்தி?"

"அரிசியா? சுத்திப் பாத்தாரு. நாற்காலிய எண்ணுனாரு. எத்தன கிலோ பாய்னு நாந்தான் கேட்டேன். சிரிச்சாருக்கா. 'வீட்ல கேளு. இந்த தடவ நான் கைய வைக்கல. அவ கணக்கு சரியாத்தான் இருக்கும்'னாரு."

திரைக்கு இந்தப் பக்கம் லேப்டாப் வெளிச்சம் தானா அணைஞ்சுருச்சு. ஹஃப்சா அத தட்டல.

"எங்கிட்ட சொல்லல"ன்னா.

"உங்ககிட்ட சொல்லுவாராக்கா?"

மதினி தலைய குனிஞ்சுக்கிட்டாங்க.

"அஷ்ரப்பு."

"மாமி."

"நாப்பத்தி நாலு கிலோ. காலையில ஊற போட்ரு."

"ஹஃப்சா!"ன்னாங்க மதினி. "மௌத்தான வீடுடி இது. அடுப்பு எரிஞ்சா நாலு பேரு என்னா சொல்லுவாங்க?"

"வீட்டு அடுப்பு மேல இருக்கு மதினி. அத யாரும் தொடல. கீழ இருக்கறது கடை அடுப்பு."

"இந்த வாய வச்சுக்கிட்டு எந் தம்பி எப்படித்தான் ஒன்னோட..." மதினி எந்திரிச்சு ஜன்னல் பக்கம் போயிட்டாங்க. திரைக்கு அந்தாண்ட காளிமுத்து மூக்க உறிஞ்சுனாரு.

மறுநாள் விடிஞ்சும் விடியாம மதினிதான் மொதல்ல கீழ எறங்குனாங்க. "வெங்காயம் யாரு உரிக்கிறது, இவனா?"ன்னு அஷ்ரப்ப ஏசுறது படி வழியா மேல கேட்டுச்சு. அப்புறம் பைப்பு தொறக்குற சத்தம், அண்டாவுல அரிசி கொட்டுற சத்தம்.

ஹஃப்சா பின் ஜன்னலுக்கு வந்தா. கீழ கால்வாயில அரிசி கழுவுன தண்ணி வெள்ளையா வந்துச்சு. மொதத் தண்ணி பால் மாதிரி. ரெண்டாவது கொஞ்சம் தெளிஞ்சு. மூணாவது தண்ணி வர்ற வரைக்கும் அவ அங்கயே நின்னா.