மேகத்துக்குப் போட்ட மூடி

எல்லோரும் சௌக்கியமா? முழங்கால், முதுகு, ரத்த அழுத்தம் எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கின்றனவா? கேட்காவிட்டாலும் பரவாயில்லை, இது உட்கார்ந்து படிக்கிற கதைதான். காபியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட இரண்டு பெண்கள் ஒரே அலுவலகத்தில் ஒரு மேகத்துக்காக முறைத்துக்கொண்ட கதை இது. மேகத்துக்கா என்று சிரிக்காதீர்கள். நகைக்கும் வீட்டுக்கும் சண்டை போடுகிறவர்களாவது கடைசியில் ஏதோ ஒன்றைக் கையில் வாங்குவார்கள். இவர்களுக்கு அதுவும் கிடையாது. ஆனாலும் எரிந்த எரிச்சல் என்னவோ அசல் எரிச்சல்.

எங்கள் அலுவலகத்தில் பூமியை கம்ப்யூட்டருக்குள் ஓட்டிப் பார்ப்போம். உலகத்தைக் கட்டம் கட்டமாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்துக்கும் வெயில், காற்று, கடல், பனி எல்லாவற்றையும் கணக்காகக் கொடுத்துவிட்டால், இன்னும் நூறு வருஷத்தில் எப்படி இருக்கும் என்று அது சொல்லும். அதற்கு மாடல் என்று பெயர். அதைப் பெரிய இயந்திரத்தில் ஏற்றி ஓட்டுவது என் வேலை. அதனால் என்னை எல்லோரும் டிரைவர் என்பார்கள். எனக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது என்பது வேறு விஷயம்.

அந்த மாடலில் மேகம்தான் தலைவலி. ஒரு கட்டம் ஒரு மாவட்டம் அளவுக்கு இருக்கும். மேகமோ பல நேரம் ஒரு தெருவைக்கூட மூடாது. கட்டத்தின் கண்ணில் படாத அந்த மேகத்தை ஒரு விதியாக எழுதித்தான் உள்ளே நுழைக்க வேண்டும். விதி கொஞ்சம் மாறினால் எல்லாம் மாறிவிடும். காற்றில் கரியமிலவாயு இரண்டு மடங்கானால் பூமி எத்தனை டிகிரி சூடாகும் என்று ஒரு எண் உண்டு. மாடலின் ஜாதகமே அந்த எண்தான். எந்த ஊர் மாடலைப் பற்றிப் பேசினாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

எங்கள் மாடலின் மேக விதியை எழுதியவள் அந்த இருவரில் பெரியவள். அலுவலகத்தில் அதற்கு 'அக்கா மேகம்' என்றே பெயர். "என்ன பேர் இதெல்லாம், கூச்சமா இருக்கு" என்பாள். யாராவது ஒருநாள் அந்தப் பெயரைச் சொல்ல மறந்தால் முகம் சுண்டிவிடும்.

சின்னவள் பிறகு வந்து சேர்ந்தாள். பேச்சு குறைவு, வேலை சுத்தம். பெரியவளுக்கு அவளை அவ்வளவு பிடித்துப்போனது. "தங்கமான பொண்ணு டிரைவர், விட்டா வேற யாராவது கொத்திட்டுப் போயிடுவாங்க" என்று தன் கொழுந்தனுக்கே பேசி முடித்துவிட்டாள். கல்யாணத்தில் ஓடியாடி வேலை செய்தவளும் அவள்தான். தன் கையால் கூட்டிவந்த ஓரகத்தி!

அதோடு தங்கம் பித்தளையாகிவிட்டது. மாமியார் காலையில் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, "இன்னைக்குச் சின்னவதானே போட்டா? குடிச்சதுமே தெரிஞ்சுது" என்பாராம். அதே அம்மாள் பல வருஷமாகப் பெரியவளின் காபியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைக்கிற சத்தத்தைத் தவிர வேறு ஒன்றும் சொன்னதில்லை.

"அதைக்கூட விடுங்க டிரைவர்," என்று மதியம் சாப்பிடும்போது குமுறுவாள். "நான் அடுக்கி வச்ச அலமாரியை அவ தொடவே மாட்டா. உப்பு தீர்ந்தாக்கூட என் டப்பாவை எடுக்காம, கடைக்கு ஓடி புதுசு வாங்கிட்டு வர்றா. என் பொருளைத் தொட்டா கை தேஞ்சிடுமா அவளுக்கு? எவ்வளவு திமிர் பாருங்க."

"பயமா இருக்கும்மா அவளுக்கு."

"பயமா? அவளுக்கா? ஊமை மாதிரி இருந்துக்கிட்டு என்ன வேலையெல்லாம் பண்றா தெரியுமா?"

அவள் பண்ணிய வேலை இதுதான். சின்னவள் புதிதாக ஒரு மேக விதி எழுதியிருந்தாள்.

எல்லாரும் உறைந்துபோகிற குளிரிலும் மேகத்துக்குள் இருக்கிற நீர்த்துளி உடனே பனிக்கட்டியாகிவிடாது. கொஞ்சம் வீம்பு பிடித்துத் துளியாகவே நிற்கும். அக்கா மேகத்தில் அந்த வீம்பு இல்லை. குளிர்ந்ததும் பெரும்பாலும் பனியாகிவிடும். சின்னவளின் மேகத்தில் துளி துளியாகவே இருந்தது. செயற்கைக்கோள் எடுத்த படத்தோடு வைத்துப் பார்த்தால் நன்றாகவே பொருந்தியது.

நான் ஓட்டிப் பார்த்தேன். அக்கா மேகத்தில் அந்த ஜாதக எண் மூன்றுக்குப் பக்கத்தில் இருந்தது. சின்னவளின் மேகத்தில் அது ஐந்தையும் தாண்டிப் போய்விட்டது.

காரணம் லேசானதுதான். பனி மேகம் சூடானால் துளி மேகமாகும். துளி மேகம் அதிகம் வெளுக்கும், வெயிலைத் திருப்பி அடிக்கும், சூட்டுக்கு ஒரு கடிவாளம் போடும். சின்னவளின் மேகம் முன்பே துளியாக இருந்ததால் மாறுவதற்கு அதனிடம் ஒன்றும் மிச்சமில்லை. கடிவாளம் இல்லாத குதிரை எப்படி ஓடும்?

எங்கள் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'பெருமூச்சு'. அன்று இரண்டு பெருமூச்சு விட்டார். "படம் பொருந்துது. எண் பயமுறுத்துது. அடுத்த கூட்டத்துல முடிவு பண்ணுவோம். ஊர் உலகத்து மாடலோடயெல்லாம் வச்சுப் பார்க்க எந்த மேகத்தை அனுப்பறதுன்னு."

அதாவது ஒரு மேகம் போகும், இன்னொன்று குப்பைக்குப் போகும். பெரியவள் கையில் இருந்த பேனா மூடியைக் கடித்தது எனக்குக் கேட்டது.

மறுநாளே என் மேசைக்கு வந்துவிட்டாள். "அவ மேகத்தை வச்சுப் பழைய பனி யுகத்தை ஓட்டுங்க. அப்போ எவ்வளவு குளிர்னு, அந்தக் காலத்துல கடலடியில படிஞ்ச சேத்தைத் தோண்டிக் கண்டுபிடிச்சு வச்சிருக்காங்க. உங்க தங்கம் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம்."

"எப்பத்துலேர்ந்து என் தங்கம் ஆச்சு?"

"எல்லாருக்கும் தங்கம்தானே இப்போ."

ஓட்டினேன். நல்ல வெப்ப நாட்டுக் கடல் பக்கம்வரை பனி வந்து உட்கார்ந்துகொண்டது. சேறு சொன்னதைவிட எவ்வளவோ அதிகக் குளிர். சூடு ஏறும்போது அதிகம் ஏறுகிற மாடல் குளிரும்போதும் அதிகம் குளிரும் அல்லவா? பெரியவள் அந்தப் படத்தைப் பார்த்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பரிசுச் சீட்டு விழுந்தவள் மாதிரி.

"தப்பு எங்கேன்னு கண்டுபிடிச்சுக் கூட்டத்துல வச்சுக் காட்டறேன்," என்று சின்னவளின் விதியை வரி வரியாகப் படிக்க உட்கார்ந்தாள். பொறாமைக்கு இருக்கிற பொறுமை வேறு எதற்கும் கிடையாது. அன்போடு படிக்கிறவர்கள் இரண்டு பக்கத்தில் 'நன்றாக இருக்கிறது' என்று மூடிவிடுவார்கள். இவள் காற்புள்ளியைக்கூட விடவில்லை. வீட்டில் சின்னவள் "அக்கா, சாப்பிட வரலையா?" என்று அறை வாசலில் நின்று கேட்டால், திரையைச் சட்டென்று மூடிக்கொண்டு "பசிக்கல" என்பாளாம்.

கூட்டத்துக்கு முந்தின நாள் காலை என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். முகத்தில் ஈயாடவில்லை.

"டிரைவர், ஒரு வரியை எடுத்துட்டு ஒரு தடவை ஓட்டணும். யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது."

"எந்த வரி?"

திரையில் காட்டினாள். மேகத்தில் பனித்துகள் இத்தனைக்கு மேல் போகக்கூடாது என்று ஒரு மூடி. பக்கத்தில் ஒரு குறிப்பு: 'இதைத் தொடாதே.'

"இது சின்னவ எழுதினதா?"

"நான் எழுதினது." குரல் கீழே இறங்கியிருந்தது. "ஆரம்பத்துல மாடல் அடிக்கடி நடுவழியில நின்னு போகும், ஞாபகம் இருக்கா? நிக்காம இருக்கணும்னு ஒரு மூடி போட்டேன். என் மேகத்துல அது எங்கேயும் இடிக்கல. அப்படியே மறந்துட்டேன். அவ என் விதியிலேர்ந்து ஆரம்பிச்சதால அதுவும் கூடவே வந்திருக்கு. அவ மேகத்துல அது பனியே உண்டாக விடாம கழுத்தை நெரிக்குது."

மூடியை எடுத்துவிட்டு ஓட்டினேன். பனி யுகம் சேறு சொன்ன இடத்தில் வந்து நின்றது. எண் ஐந்திலிருந்து இறங்கி நான்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. செயற்கைக்கோள் படத்தோடு முன்னைவிட நன்றாக ஒட்டியது.

பெரியவள் வெகுநேரம் அந்தப் படத்தையே பார்த்தாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, "பாவி, எவ்வளவு அழகா எழுதியிருக்கா," என்றாள். இவ்வளவு வயிற்றெரிச்சலோடு ஒருத்தி இன்னொருத்தியைப் பாராட்டி நான் கேட்டதில்லை.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். நாளைக்குப் பனி யுகப் படத்தைக் காட்டினால் சின்னவளின் மேகம் அங்கேயே கரைந்துவிடும். அக்கா மேகம் இன்னும் பல வருஷம் ஓடும். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.  இரண்டு படத்தையும் எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் கூட்ட அறை. பெரியவள் எழுந்து முதலில் பனி யுகப் படத்தைத்தான் போட்டாள். அறையில் 'அச்சச்சோ' என்று ஒரு சத்தம். பெருமூச்சு ஒரு பெரிய மூச்சை உள்ளே இழுத்தார். சின்னவள் தலை குனிந்து தன் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியவள் அவளைப் பார்த்தாள்.  

"இந்த வரியை நீ பார்த்தியா இல்லையா?" என்று திடீரென்று கேட்டு, அந்த மூடியைத் திரையில் போட்டாள்.

சின்னவள் நிமிர்ந்தாள். "பார்த்தேன்க்கா."

"என்ன பண்ணுதுன்னு தெரிஞ்சுதா?"

"சந்தேகமா இருந்துச்சு."

"அப்புறம் ஏன் எடுக்கல? வாயில என்ன இருக்கு உனக்கு? கேட்கக்கூடத் தெரியாதா?"

"அது உங்க வரிக்கா. தொடாதேன்னு எழுதியிருந்தீங்க." மறுபடி தலை குனிந்தாள். "வீட்லயும் நீங்க வச்ச எதையும் நான் தொடறதில்லையே."

 பெரியவளின் காது நுனிவரை சிவந்துவிட்டது. உப்பு டப்பாவிலிருந்து எல்லாம் ஒரே நொடியில் அவள் கண் முன்னால் ஓடியிருக்கும்.

"தொடுடீ!" என்று கத்தினாள். "தப்பா இருந்தா தொடு! என் வரின்னா என்ன, சாமி படமா?"

யாரோ சிரித்துவிட்டார்கள். அவள் அவர்களை முறைத்துவிட்டு அடுத்த படத்தைப் போட்டாள். மூடி இல்லாத சின்னவளின் மேகம். "தப்பு என்னுது. மேகம் அவளுது. இதைத்தான் அனுப்பணும்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். பெருமூச்சு உள்ளே இழுத்த மூச்சை அப்போதுதான் விட்டார்.

அக்கா மேகம் அன்றோடு மாடலை விட்டுப் போனது. பொறாமையும் அதோடு போய்விட்டது என்று நினைத்தீர்களானால் நீங்கள் கூட்டுக் குடும்பத்தில் இருந்ததே இல்லை. அடுத்த வாரமே மதியச் சாப்பாட்டில், "இப்ப உப்பு டப்பாவை எடுக்கிறா டிரைவர். எடுத்த இடத்துலயா வைக்கிறா?" என்று ஆரம்பித்தாள். புது மேகத்துக்கு எல்லோரும் 'தங்கச்சி மேகம்' என்று பெயர் வைத்தபோது, "மூடியை எடுத்தது யாரு? அதையும் சேர்த்துச் சொல்லுங்க," என்று பெருமூச்சிடம் சண்டைக்குப் போனாள். சின்னவளோ கட்டுரையில் அக்காவின் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் போட்டிருந்தாள். பெரியவள் அதைப் பார்த்துவிட்டுப் பேனாவால் அடித்து, கீழே இரண்டாவதாக எழுதினாள். எழுதிவிட்டு அந்தத் தாளை என்னிடம் நீட்டி, "எனக்கு இது பிடிக்கல, சொல்லிட்டேன்," என்றாள்.

உங்கள் வீட்டிலோ வேலை செய்கிற இடத்திலோ, நீங்கள் திமிர் என்று நினைத்தது வேறொன்றாக இருந்ததுண்டா? வயிறு எரிய எரிய யாரையாவது பாராட்டியதுண்டா? வெட்கப்படாமல் எழுதி அனுப்புங்கள். பெயரெல்லாம் வேண்டாம், ஓரகத்திக்குத் தெரிந்துவிடும்.