மூன்றாம் தேதி, ஐந்தாம் மாதம்

தெஸ்னிதாவின் உள்ளங்கை வேர்த்து, தொலைநோக்கியின் ரிமோட் வழுக்கிக்கொண்டே இருந்தது. பெங்குலு கடற்கரையின் பிறை பார்க்கும் மேடையில் அன்று நூறு பேராவது நின்றிருப்பார்கள். நோன்பு இருபத்தொன்பது. இன்று பிறை தெரிந்தால் நாளை பெருநாள், தெரியாவிட்டால் இன்னொரு நோன்பு. ஊரில் எல்லார் வீட்டிலும் பெருநாளுக்கான ‘ரெண்டாங்’ இறைச்சிக் கறி அடுப்பில் ஏறியாகிவிட்டது. பிறை தெரியாமல் போவதை யார்தான் விரும்புவார்கள்?

தொலைநோக்கியை இயக்க இந்த வருஷம் அவளை நிறுத்தியவர் மாமனார் ஜஸ்ரில். மார்க்கப் பெரியவர் என்பதால் ஊருக்கு அவர் 'புயா'. "பொம்பளைக்கு இதெல்லாம் எதுக்கு" என்று முனகியவர்களிடம், "சரி, நீங்க வந்து திருப்புங்க" என்று சொல்லி வாயை அடைத்தார். முப்பது வருஷமாக இந்தக் கரையின் பிறைச் சாட்சி அவர். அவர் சொன்னால் ஊரில் மறுபேச்சு கிடையாது.

அந்த ரிமோட் கெட்டிக்காரப் பொருள்தான். ஊர், தேதி, நேரம் கொடுத்து, சூரியனை ஒருமுறை அடையாளம் காட்டிவிட்டால் போதும். வெளிச்சத்திலும் நிலா இருக்கும் இடத்துக்குத் தொலைநோக்கிக் குழாயைத் தானே திருப்பிவிடும். ஐந்து மணிக்குக் குழாயின் வாயில், சூரியனைக் கண் கூசாமல் பார்க்க உதவும் கறுப்புக் கண்ணாடி மூடியை மாட்டி அவள் அதைத்தான் செய்தாள். குழாய் சூரியனை விட்டு ரொம்பத் தள்ளிப் போய் நின்றது. முக்காலியை வடக்குப் பார்த்துச் சரியாக வைக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டு, அம்புக்குறிப் பொத்தான்களை அழுத்தி அழுத்திச் சூரியனுக்குக் கொண்டுவந்தாள். அப்போதே ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் நூறு பேர் நின்றால் யோசனை எங்கே வரும்?

ஆறு மணி இரண்டு நிமிஷத்துக்குச் சூரியன் கடலுக்குள் போனது. மூடியைக் கழற்றிவிட்டு 'நிலா' என்ற பொத்தானை அழுத்தினாள். குழாய் முனகிக்கொண்டே இடப்பக்கம் திரும்பிக் கடலுக்கு மேல் நாலு விரல்கடையில் நின்றது. கண்ணை வைத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. மார்க்க அலுவலகத்தில் அவளோடு வேலை செய்யும் யந்த்ரி பார்த்தான், அவனுக்கும் ஒன்றுமில்லை. அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பதினேழு நிமிஷம்தான், அப்புறம் நிலாவும் மூழ்கிவிடும்.

கடைசியாகப் புயா வந்து குனிந்தார். ரொம்ப நேரம் நிமிரவில்லை.

"இருக்கு," என்றார். "மெல்லிசா, அடிப்பக்கம் வளைஞ்சு. அல்ஹம்துலில்லாஹ்."

கூட்டம் மூச்சு விட்டது. பின்னால் யாரோ 'அல்லாஹு அக்பர்' என்று தக்பீர் சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

"நாங்க பாத்தப்ப வெக்கப்பட்டு ஒளிஞ்சுக்கிச்சு," என்றான் யந்த்ரி. "பெரிய மனுஷரப் பாத்ததும் வெளிய வந்துருச்சு பாருங்க."

சாட்சிப் படிவத்தைப் புயாவின் பெயரில் நிரப்பும் வேலை தெஸ்னிதாவுக்கு. தேதியும் மணியும் எழுத ரிமோட்டின் திரையைப் புரட்டினாள். மார்ச் ஐந்து என்று இருந்தது.

இன்று மே மூன்று. எல்லாரையும்போல தேதியை முதலில், மாதத்தை அடுத்து என்று அவள் தட்டியிருந்தாள். மாதத்தை முதலில் கேட்கும் ரிமோட் அதை மார்ச் ஐந்து என்று எடுத்துக்கொண்டு, ஐந்து மணிக்கு மார்ச் மாதச் சூரியனைத் தேடிப் போயிருக்கிறது. இரண்டுக்கும் இடையே ஐம்பத்தொன்பது நாள், சரியாக இரண்டு பிறை மாதக் கணக்கு. மார்ச் ஐந்திலும் நிலா இளம்பிறைதான், சூரியனுக்குப் பக்கத்தில்தான். அதனால்தான் குழாய் எல்லாருக்கும் தப்பு தெரியும்படி எங்கோ வானத்து நடுவில் போய் நிற்கவில்லை.

"யந்த்ரி, கணக்குத் தாள் எங்க?"

"சட்டைப் பையில. இப்ப எதுக்கு? அதான் பாத்தாச்சே."

பிடுங்கிப் பார்த்தாள். நிலா சூரியன் மறைந்த இடத்துக்கு வலப்பக்கம் என்று கணக்கு சொன்னது. அவள் குழாய் இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. மணி ஆறு இருபத்துநாலு. எங்கே திருப்பினாலும் இனி நிலா கிடையாது.

மேடையின் அந்தப் பக்கம், சாட்சியிடம் சத்தியம் வாங்க வந்திருந்த நீதிபதி மர்ஸுகி குர்ஆனோடு எழுந்து நின்றார். புயா தொப்பியைச் சரிசெய்துகொண்டு அவர் முன்னால் போனார். தெஸ்னிதா கையிலிருந்த தாளைப் பார்த்தாள். சொன்னால் அவள் வேலை போகும், மாமனார் மானமும் போகும், அவளுக்காகப் பேசிய ஒரே ஆள் அவர். சொல்லாவிட்டால் அவர் இல்லாத ஒன்றுக்கு அல்லாஹ்வின் மேல் சத்தியம் செய்வார், அதை நம்பி ஊர் நோன்பை விடும். அவள் புயாவின் பின்னால் ஓடினாள்.

"மாமா, சத்தியம் செய்யாதீங்க."

நீதிபதி திரும்பினார். "என்னம்மா?"

"தேதிய நான் மாத்திப் போட்டுட்டேன், ஐயா. குழாய் நிலா பக்கமே இல்ல. தாளப் பாருங்க." ரிமோட்டையும் தாளையும் நீட்டினாள்.

"நான் பாத்தேன்," என்றார் புயா.

"மேகத்தோட ஓரமா இருக்கும், மாமா. நீங்க பாத்த எடத்துல நிலா இல்ல. தப்பு என்னோடது."

நீதிபதி தாளை இரண்டு தடவை பார்த்தார். "புயா, நீங்கதான் சொல்லணும். சத்தியம் செய்றீங்களா?"

தக்பீர் நின்றுபோயிருந்தது. கூட்டத்தில் ஒருவன், "அப்பவே சொன்னோம்ல," என்றான். புயா அவன் பக்கம் திரும்பவே இல்லை. குர்ஆன் மேல் வைக்க நீட்டியிருந்த கையை மெல்ல மடக்கிக்கொண்டார்.

"இல்ல," என்றார். "இந்தக் கரையில பிறை தெரியலன்னு எழுதிக்குங்க."

கூட்டம் கலைந்தது. நாளைய சமையலைப் பற்றி யாரோ சலித்துக்கொண்டார்கள். தெஸ்னிதா குழாயைப் பெட்டியில் வைக்கும்போது புயா பக்கத்தில் வந்து நின்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்து அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"போன வருஷமும் நான் ஒருத்தன்தான் பாத்தேன், இல்லையாம்மா?"

"ஆமா, மாமா."

"அதுக்கு முந்தின வருஷமும்."

அவள் பெட்டியை மூடினாள். புயா கடலைப் பார்த்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி வருஷங்களை எண்ணிக்கொண்டிருந்தார்.