வழிப்படுத்தப்பட்டவர்கள்

மார்ச் மாதம் பிறந்தால் சுதாஜினிக்கு ஆட்களை எண்ணுகிற வேலை. வைத்தியசாலையின் நிதியம் கொடுக்கிற பணத்தில், சனங்கள் இருக்கிற இடங்களுக்கே போய்ச் செய்கிற காரியங்கள் அவளுடைய பொறுப்பில் இருந்தன. மொன்ட்ரியால் நகரில் மூன்று இடங்கள்: பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு தேவாலயத்தின் நிலவறை, வில்லரேயில் ஒரு வாசிகசாலையின் பின்னறை, மொன்ட்ரியால்-நோரில் ஒரு மண்டபம். மாதத்தில் ஒரு நாள் ஒவ்வொரு இடத்திலும் பிரஷர் பார்ப்பார்கள், விரல் நுனியில் குத்திச் சீனி பார்ப்பார்கள். கூடுதலாக இருந்தால் ஒரு தாளைக் கொடுத்து, அதிலிருக்கிற தொலைபேசி இலக்கத்துக்கு அடித்து வைத்தியரிடம் நாள் எடுக்கச் சொல்வார்கள். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் பயனடைந்தார்கள் என்று மார்ச் முப்பத்தோராம் தேதிக்குள் நிதியத்துக்கு அறிக்கை போக வேண்டும்.

எட்டு வருடமாக அவள்தான் அதை எழுதினாள். முதல் இரண்டு வருடம் ஒவ்வொரு வரியையும் யோசித்து எழுதியதுண்டு. பிறகு போன வருடத்து அறிக்கையைத் திறந்து, இலக்கங்களையும் தேதியையும் மாற்றி அனுப்பப் பழகிவிட்டாள். நாற்பத்தேழு வயது. காலையில் எழும்பும்போதே தோள்மூட்டு நோகும். மத்தியானம் கழிந்தால் திரையைப் பார்க்கக் கண் எரியும். மகள் ஒட்டாவாவில் படிக்கிறாள். கணவன் கிருபானந்தன் லொறி ஓட்டுகிறவன், கிழமையில் நாலு நாள் வீட்டில் இல்லை. வீட்டுக்குப் போனால் ஒரு சோற்றை வைத்துச் சாப்பிட்டுவிட்டுப் படுப்பதைத் தவிர அவளுக்கு வேறொன்றும் வேண்டியிருப்பதில்லை.

இந்த வருடம் படிவத்தில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்திருந்தார்கள். பயனடைந்த ஒருவரின் கதை, முந்நூறு சொற்களுக்குள். விரும்பினால் புகைப்படம்.

“வழிப்படுத்தப்பட்டவர்களில் ஒருவரைப் பிடியுங்கள், சுதா,” என்றாள் கத்தரின். பிரிவின் மேலாளர் அவள். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம். இந்த வருடம் அவள் தலையில் இன்னும் இரண்டு பிரிவுகளைக் கட்டியிருந்தார்கள். “நன்றாகச் சிரிக்கிற ஆளாகப் பாருங்கள். அது போதும்.”

‘வைத்தியத்துக்கு வழிப்படுத்தப்பட்டவர்கள்’ என்பது அறிக்கையில் ஒரு தலைப்பு. அதைப் போட்டதே சுதாஜினிதான். ஆறு வருடத்துக்கு முன், வந்தவர்களுக்கு என்ன பலன் கிடைத்தது என்று நிதியம் கேட்டபோது, தாள் வாங்கிக்கொண்டு போனவர்களை எண்ணுவதுதான் இலேசு என்று அவளுக்குப் பட்டது. இந்த வருடம் நாற்பத்தாறு பேர். பெயரும் தொலைபேசி இலக்கமும் பதிவில் இருந்தன.

அவள் முதலில் தொலைபேசி எடுத்தது வில்லரேயில் பார்த்த பாலாம்பிகை என்ற அம்மாவுக்கு.

“ஓம் பிள்ளை, தாள் தந்தவை. பிறிஜ்ஜிலதான் ஒட்டி வைச்சிருக்கிறன்.”

“டொக்டரைப் பார்த்தனீங்களா அம்மா?”

“எங்க பார்க்கிறது? நம்பருக்கு அடிச்சால் மிஷின் ஏதோ பிரெஞ்சில கதைச்சுப்போட்டு வைக்குது. மகனைக் கொண்டும் அடிப்பிச்சுப் பார்த்தனான். மெசேஜ் பெட்டி நிறைஞ்சு போச்சாம், ஒண்டும் சொல்ல ஏலாதாம்.”

ஏதோ ஒரு நாள் அப்படி இருந்திருக்கும் என்று சுதாஜினி நினைத்தாள். அடுத்து மொன்ட்ரியால்-நோரில் இருக்கும் ஹெய்ட்டி நாட்டுக்காரர் ஒருவருக்கு எடுத்தாள். அவரும் அதையே சொன்னார். அதற்கடுத்தவர் ரொறொன்ரோவுக்கு மகளிடம் போய்விட்டார். ஒரு பெண் தானாகவே அவசரப் பிரிவுக்குப் போய்ப் பதினொரு மணித்தியாலம் காத்திருந்து மருந்து எழுதுவித்துக்கொண்டு வந்ததாகச் சொன்னாள். அடுத்த நாள் மத்தியானத்துக்குள் இருபது பேருடன் பேசி முடித்தபோது, வைத்தியரைப் பார்த்தவர்கள் என்று நாலு பேர்தான் தேறினார்கள்.

அவள் தாளில் இருந்த இலக்கத்துக்குத் தானே அடித்தாள். பெட்டி நிறைந்துவிட்டது என்று ஒரு பெண்குரல் மரியாதையாகச் சொன்னது. வைத்துவிட்டு மறுபடியும் அடித்தாள். பிறகு எழும்பி, மின்தூக்கிக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல், படியேறி நாலாம் மாடிக்குப் போனாள். அந்த இலக்கம் அங்கேயிருந்த ஒரு தாதியினுடையது. நாள் குறித்துக் கொடுப்பது அவருடைய வேலை. சுதாஜினி கடைசியாக அந்தப் பக்கம் போனது எப்போதென்று அவளுக்கே ஞாபகமில்லை.

அறைக்குள் கதிரைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். மேசை இல்லை. தொலைபேசியை யன்னல் விளிம்பில் வைத்திருந்தார்கள். அதன் சிவப்பு வெளிச்சம் விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது.

“அவவோ? அவவை ஓகஸ்டில வேற பிரிவுக்கு மாத்திட்டினமே,” என்றார் நடைபாதையைக் கூட்டிக்கொண்டிருந்த நடராசா. திருகோணமலைக்காரர், அங்கே வேலைக்கு வந்து வெகுகாலம். “இந்தப் போன் ஒவ்வொரு நாளும் அடிக்கும். நானும் ஆரோ பார்க்கினமாக்கும் எண்டு விட்டிட்டன்.”

“நானும் அப்பிடித்தான் நினைச்சிருக்கிறன் அண்ணை,” என்றாள் சுதாஜினி.

அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபப்படுவதற்குக்கூட உடம்பில் தெம்பு வேண்டும். கீழே வந்து மிச்சப் பெயர்களுக்கு அடிக்கத் தொடங்கினாள்.

முப்பத்தோராவது பெயர் நீக்கிலாப்பிள்ளை. பார்க் எக்ஸ்டென்ஷன், ஒக்டோபர் மாதம், பிரஷர் நூற்றெழுபத்தெட்டு. ஒரு பெண்தான் எடுத்தாள்.

“அவர் கதைக்க மாட்டார்,” என்றாள்.

“வேலையா? அப்ப நான் பேந்து எடுக்கிறன்.”

“பேந்து எடுத்தாலும் கதைக்க மாட்டார் பிள்ளை. தை மாதம் ஸ்ட்ரோக் வந்தது. நான் அவற்ற மனிசி, யோசெப்பின். என்ன விஷயம்?”

அறிக்கைக்குக் கதை கேட்க எடுத்தேன் என்று எப்படிச் சொல்வது? “ஆஸ்பத்திரியிலயிருந்து எடுக்கிறன். உங்களை வந்து பார்க்கலாமோ?” என்றாள் சுதாஜினி.

யோசெப்பின் கொஞ்சம் யோசித்தாள். “வாங்கோ. ஒரு ஃபோம் நிரப்பக் கிடக்குது. பிரெஞ்ச் தெரியுமெல்லோ உங்களுக்கு?”

அவர்கள் மூன்றாம் மாடியில் இருந்தார்கள். வெளிப் படிக்கட்டில் பனி உருகி, மறுபடி உறைந்து, உப்புத் தூவியும் வழுக்கியது. இந்தப் படியால் அவரை எப்படி இறக்கி ஏற்றுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே கைபிடியைப் பிடித்துச் சுதாஜினி ஏறினாள்.

நீக்கிலாப்பிள்ளை யன்னலோரக் கதிரையில் இருந்தார். அறுபது வயதிருக்கும். வலது கை மடியில் கிடந்தது. ஓர் உணவகத்துச் சமையலறையில் பத்தொன்பது வருடம் கோப்பை கழுவி, பிறகு மரக்கறி வெட்டி, கடைசியில் ஸூப் பொறுப்பை அவரிடமே விட்டிருந்தார்களாம். எல்லாவற்றையும் யோசெப்பின்தான் சொன்னாள். கணவனுக்குக் கேட்கட்டும் என்பதுபோலச் சத்தமாகச் சொன்னாள்.

“உங்கட ஆக்கள் தந்த தாள் இருக்குது,” என்று சொல்லி ஒரு பிளாஸ்ரிக் உறையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் தேதியும் நேரமும் எழுதியிருந்தது. ஒக்டோபரில் இரண்டு, நவம்பரில் ஒன்று, டிசெம்பரில் ஒன்று. எல்லாம் பின்னேரம் மூன்று மணியை ஒட்டின நேரங்கள்.

“பிறேக் ரைம். அப்பதான் ஃபோனைத் தொட விடுவினம்,” என்றாள் யோசெப்பின். “நாலு தரம் அடிச்சவர். நான் எமேர்ஜென்சிக்குப் போவம் எண்டனான். தலையிடி எண்டு போய் நாள் முழுக்க இருந்தால் சம்பளம் போயிடும், அவையள் தாள் தந்தவைதானே, நாள் கிடைக்கும் எண்டவர்.”

சுதாஜினி அந்தப் பென்சில் எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த மனிதரைத் தான் ஒரு இலக்கமாகப் போட்டிருக்கிறோம், பயனடைந்தவர் என்று. இந்த வருடம் மட்டுமல்ல. போன வருடம் ஐம்பத்தொரு பேர், அதற்கு முந்தின வருடம் முப்பத்தெட்டுப் பேர். அவர்களில் ஒருவருக்கும் அவள் எடுத்துக் கேட்டதில்லை.

“அந்த ஃபோனை எடுக்க ஆளில்லை அக்கா,” என்றாள். “ஓகஸ்டிலயிருந்து ஆளில்லை. எனக்குப் போன கிழமைதான் தெரியும். முந்தியே தெரிஞ்சிருக்க வேணும். அது என்ர வேலை.”

நீக்கிலாப்பிள்ளை வாயைக் கோணி ஏதோ சொல்ல முயன்றார். தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது, மறுபடியும் வந்தது. சுதாஜினி தலையைக் குனிந்துகொண்டாள். என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும் என்று இருந்தாள்.

“தேத்தண்ணி குடுக்கச் சொல்லுறார்,” என்றாள் யோசெப்பின், எழும்பிக்கொண்டே.

தேத்தண்ணி குடித்த பிறகு படிவத்தை நிரப்பினார்கள். உடற்பயிற்சிச் சிகிச்சைக்குக் கூட்டிப்போக வாகனம் கேட்கிற படிவம், ஒன்பது பக்கம். அது முடிந்ததும் சுதாஜினி, தான் எதற்காக முதலில் தொலைபேசி எடுத்தாள் என்பதைச் சொன்னாள். அறிக்கையில் ஒரு கதை கேட்கிறார்கள். நடந்ததை எழுதட்டுமா என்று கேட்டாள்.

யோசெப்பின் கணவனைப் பார்த்தாள். அவர் இடது கையை இலேசாகத் தூக்கினார்.

“எழுதுங்கோ. பேரையும் போடுங்கோ. படம் மட்டும் வேண்டாம். அவர் முந்தி வடிவான மனிசன்.”

நாற்பத்தாறு பேரில் முப்பத்தெட்டுப் பேர் கிடைத்தார்கள். வைத்தியரைப் பார்த்தவர்கள் ஒன்பது பேர்; ஓகஸ்டுக்குப் பிறகு பார்த்தவர்கள் எல்லோரும் தங்கள் சொந்தப் பாட்டில் பார்த்தவர்கள். சுதாஜினி பழைய தலைப்பை ‘தாள் பெற்றவர்கள்’ என்று மாற்றினாள். அதன் கீழே ‘வைத்தியரைப் பார்த்தவர்கள்’ என்று ஒரு புதிய வரியைப் போட்டு ஒன்பது என்று எழுதினாள். முந்தைய வருடங்களின் எண்ணிக்கை சரிபார்க்கப்படவில்லை என்று ஒரு குறிப்பும் சேர்த்தாள். கதைக்கான கட்டத்தில் நீக்கிலாப்பிள்ளை நாலு தரம் தொலைபேசி எடுத்ததை எழுதினாள். முந்நூறு சொல் தேவைப்படவில்லை.

கத்தரின் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

“இதை அனுப்பினால் மூன்று இடத்தையும் மூடுவார்கள். தெரியும்தானே?”

“தெரியும்.”

“மூடினால் அந்தத் தாள்கூட ஒருவருக்கும் கிடைக்காது. பிரஷர் கூடியிருக்கிறது என்று சொல்லக்கூட ஆள் இருக்காது. அது நல்லதா?”

அந்தக் கேள்வியைச் சுதாஜினி பேருந்தில், குளியலறையில், சோறு வேகிறபோது என்று மூன்று நாளாகத் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தாள். “நல்லதோ தெரியாது,” என்றாள். “ஆனால் தாளைக் கொடுத்தபடியால்தான் அவர் அவசரப் பிரிவுக்குப் போகாமல் காத்திருந்தார். ஒன்றும் கொடுக்காமல் விட்டிருந்தால் ஒருவேளை போயிருப்பார்.”

கத்தரின் பேனையை எடுத்தாள். “அந்தத் தாதிக்குப் பதில் ஆள் கேட்டு நான் செப்டெம்பரில் எழுதினேன்,” என்றாள். “பதில் வரவில்லை. பிறகு மறந்துவிட்டேன்.” முதல் பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போட்டாள். மற்றப் பக்கங்களைத் திருப்பவில்லை.

மே மாத நடுவில் கடிதம் வந்தது. வில்லரேயும் மொன்ட்ரியால்-நோரும் நிறுத்தப்பட்டன. பார்க் எக்ஸ்டென்ஷன் மட்டும் இருக்கும். கூடவே ஒரு தாதி வந்து, பிரஷர் கூடினவருக்கு அந்த இடத்திலேயே நாள் எடுத்துக் கொடுக்க வேண்டும். நாளெடுத்தவர் போனாரா என்று இரண்டு கிழமை கழித்துக் கேட்க வேண்டும். சுதாஜினியின் வேலை ஐந்து நாளிலிருந்து மூன்று நாளாகக் குறைக்கப்பட்டது.

செய்தி தெரிந்த அன்றே தாட்சாயினி எடுத்தாள். வில்லரேயில் ஆறு வருடமாகச் சம்பளமில்லாமல் பிரஷர் பார்த்தவள் அவள். கொழும்பில் தாதியாக இருந்தவள், இங்கே அந்தப் படிப்பை ஏற்காததால் துணிக்கடையில் நிற்கிறாள்.

“நீங்கள் எழுதினபடியாலதானே மூடினவை?” என்றாள்.

“ஓம்.”

“என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம். எனக்கு மாதத்தில அந்த ஒரு நாள்தான் இருந்தது.”

“கேட்டிருக்க வேணும் தாட்சா. பிழைதான்.”

தாட்சாயினி வைத்துவிட்டாள். அந்தக் கோடை முழுக்க அவள் எடுக்கவில்லை. சுதாஜினியும் எடுக்கத் துணியவில்லை. வேலையில்லாத நாட்களில் அவள் பகலிலேயே படுத்து உறங்கினாள். யோசெப்பினின் வாகனப் படிவம் ஒரு கையெழுத்துக் குறைகிறதென்று திரும்பி வந்தது. இரண்டாம் தரம் நிரப்பி அனுப்பினார்கள். ஜூலை மாதக் கடைசியில் அனுமதி கிடைத்தது. கிழமையில் இரண்டு தரம் வாகனம் வரும். ஆனால் படிக்கட்டால் இறக்கி விடுவது வீட்டு ஆட்களின் பொறுப்பாம். கிருபானந்தன் வீட்டில் நிற்கிற நாட்களில் போய் ஒரு கை கொடுத்தான்.

பார்க் எக்ஸ்டென்ஷன் நிலவறையில் அந்த மாதம் பத்தொன்பது பேர் வந்தார்கள். நாலு பேருக்குப் பிரஷர் கூடியிருந்தது. புதிய தாதி அங்கேயே நின்று தொலைபேசியில் வாதாடி மூன்று பேருக்கு நாள் எடுத்தாள். நாலாமவரிடம் அரசாங்க மருத்துவக் காப்புறுதி அட்டை இல்லை. அவரை வேறொரு இடத்துக்கு அனுப்பி, அங்கே ஏற்றுக்கொண்டார்களா என்று சுதாஜினி அடுத்த நாள் கேட்டாள். ஏற்றுக்கொண்டிருந்தார்கள்.

செப்டெம்பரில் ஒரு பின்னேரம் தாட்சாயினி எடுத்தாள். சுகம் விசாரிக்கவில்லை.

“எங்கட பக்கத்தில மூண்டு பேருக்குப் பார்க்க வேணும். பாலாம்பிகை அம்மாவும் இருக்கிறா. உங்கட இடத்துக்குக் கூட்டிக்கொண்டு வரலாமோ, இல்லாட்டி அதுக்கும் ஏதும் சட்டம் இருக்கோ?”

“சட்டம் ஒண்டுமில்லை. கூட்டிக்கொண்டு வாங்கோ,” என்றாள் சுதாஜினி. கொஞ்சம் பொறுத்து, “பிரஷர் பார்க்க எனக்கு ஆள் போதாது தாட்சா,” என்றாள்.

மறுமுனையில் கடையின் சத்தம் கேட்டது. யாரோ பிரெஞ்சில் ஒரு சட்டையின் விலையைக் கேட்டார்கள்.

“அதை அப்ப பார்ப்பம்,” என்றாள் தாட்சாயினி. “எத்தினை மணிக்கு வர வேணும்?”

“பத்துக்குத் தொடங்கும்,” என்றாள் சுதாஜினி.