கௌசலாவின் பையில் ஒரு தூள் போத்தல்

1.

இந்தக் கதை ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் வந்தது. இதைவிடக் கௌரவமான பிறப்பிடம் ஒன்றை இட்டுக்கட்டியிருக்கலாம். எனக்கு அதெல்லாம் வராது.

மாண்ட்ரியாலில், சென்ட் லோரன்டில் நான் வாடகைக்கு இருக்கும் கட்டடத்தில், என் வீட்டுக்கு நேர் கீழே கௌசலா அக்கா இருக்கிறார். மட்டக்களப்புக்காரர். போன சனிக்கிழமை மதியம் கதவைத் தட்டி டப்பாவை நீட்டினார்.

"சாப்பிட்டுப் பார்த்துச் சொல்லு மனே. பொய் சொல்லாத."

உள்ளே கேரட்டும் லீக்ஸும். மஞ்சள் இல்லை, மிளகாய் இல்லை, தாளிப்பு இல்லை. வெண்ணெயில் புரட்டி, கொஞ்சமே கொஞ்சம் தண்ணீர் விட்டு, மூடிபோட்டுக் குறைந்த சூட்டில் வேகவிட்டது. இந்த ஊர்க்காரர்கள் இறைச்சிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் துணைக்கறி. எனக்கு ஆபீஸில் அலுத்துப்போன சமாச்சாரம். மரியாதைக்கு ஒரு வாய் எடுத்தேன். பிறகு அடுப்படியில் தயிர்சாதம் இருந்தது நினைவுக்கு வர, தட்டில் போட்டு இதைத் தொட்டுக்கொண்டேன்.

அக்கா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கை இரண்டாவது தடவை டப்பாவுக்குள் போனதும், "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

அவர் கணக்கில் முதல் வாய்க்கு மதிப்பில்லை. அது தயவு தாட்சண்யத்துக்குச் சாப்பிடுவது. இரண்டாவது வாய்க்குக் கை தானாக வருகிறதா என்பதுதான் கேள்வி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதை முழுக்க இதன் மேல்தான் நிற்கப்போகிறது.

2.

ஆரம்பங்கள்.

முதல் ஆரம்பம்: "கௌசலா தன் வாழ்நாளில் அப்படி ஒரு காயைப் பார்த்ததே இல்லை. வெங்காயத் தாளுமில்லை, வாழைத்தண்டுமில்லை. அந்நிய மண்ணில் அந்நியமான ஒரு —"

இதை மாடிப்படியில் நின்று அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "லீக்ஸா? எங்கட வீட்டில கிழமைக்கு ரெண்டு தரம் அதான் கறி. நுவரெலியாவில இருந்து லொறியில வரும். நீ பார்த்ததில்லை எண்டு சொல்லு."

உண்மைதான். திருநெல்வேலியில் நான் பார்த்ததில்லை. இங்கே கடையில் முதன்முதலாகப் பார்த்தபோது, நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த வெங்காயத் தாள் என்று நினைத்தேன். என் ஆச்சரியத்தை எடுத்து அக்காவுக்கு மாட்டிவிட்டிருக்கிறேன். பரவாயில்லை. எழுதுகிறவர்கள் தினம் செய்கிற வேலைதான்.

இரண்டாவது ஆரம்பம்: "வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது." மாண்ட்ரியாலில் தமிழ்க்கதை எழுதுகிற எவரும் இந்த வாக்கியத்தை ஒரு தடவையாவது எழுதாமல் விட்டதில்லை. பனி கொட்டியது, ஒத்துக்கொள்கிறேன். மேலே போவோம்.

மூன்றாவது ஆரம்பம், தேறியது: "கௌசலா லீக்ஸின் பச்சையை வெட்டி ஓரமாக ஒதுக்கினாள். மனசு கேட்கவில்லை."

[கதவருகே நிற்கும்போது அவர் 'அக்கா'. கதைக்குள் வந்துவிட்டால் 'அவள்'. கதையில் எல்லாருக்கும் 'அவர்' போட்டால் யாரும் யாருடனும் சண்டை பிடிக்க முடியாது.]

3.

கௌசலா லீக்ஸின் பச்சையை வெட்டி ஓரமாக ஒதுக்கினாள். மனசு கேட்கவில்லை. ஊரில் பச்சையோடு சேர்த்துப் பொடிப்பொடியாக அரிந்து கருவாடு போட்டு இறக்குவதுதான் வழக்கம். இந்தச் சமையலுக்கு வெள்ளைத் தண்டு மட்டும் போதும் என்கிறார்கள். அதையும் நீளவாக்கில் பிளந்து, மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் மண் போகக் கழுவி, விரல் நீளத்துக்கு வெட்ட வேண்டும்.

அவளுக்கு டோர்வலில் வேலை. விமானங்களுக்குச் சாப்பாடு அடைக்கும் ஒரு கூடத்தில், பெல்ட்டில் நகர்ந்து வரும் தட்டுகளில் வெந்த கேரட்டை வைப்பாள். சமையல் வேலை என்றுதான் பெயர். அங்கே அவள் எதையும் சமைத்ததில்லை. விடியுமுன் கிளம்ப வேண்டும் என்பதால் பொழுது சாயும்போதே படுத்துவிடுவாள். அவள் புருஷன் ரதீசன் பக்கத்திலேயே ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறான். சனி ஞாயிறில் வாடகைக் கார் ஓட்டுகிறான். அவன் வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போது அவள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டிருப்பாள். அவனுடைய சாப்பாடு அடுப்பின் மேல் மூடி வைத்திருக்கும்.

நல்ல சமையற்காரி அவள். ஆனால் அவள் சமைத்ததை அவன் சாப்பிடும்போது பார்த்தே எத்தனையோ காலமாகிறது. இரண்டாந்தரம் எடுத்தானா, இல்லை, மிச்சத்தைக் குப்பையில் கொட்டிவிட்டு நல்ல பேர் வாங்குகிறானா? விடியுமுன் எழுந்து காலிச் சட்டியைப் பார்த்து ஊகிப்பதுதான்.

புவாண்ட்-கிளேரில் ஒரு முதியோர் இல்லத்துக்குச் சமையலுக்கு ஆள் வேண்டும் என்று தெரியவந்தது. பகல் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். இரவு ஒரே மேசையில் இரண்டு பேரும் சூடாகச் சாப்பிடலாம். கௌசலாவுக்கு வேண்டியது இவ்வளவுதான், இதற்காக எதுவும் செய்வாள்.

நேரில் போனபோது சமையலறைப் பொறுப்பாளர் செலீன் கேட்டது ஒன்றைத்தான். "கறி வைப்பீங்கதானே? வியாழக்கிழமை வெளிநாட்டுச் சாப்பாட்டு நாள். அந்த ஒரு நாளுக்கு ஆள் இருந்தா எங்களுக்கு உதவி."

ஒரு நாள் போதாது. ஒரு நாள் கிடைத்தால் மற்ற நாளெல்லாம் டோர்வலும் விடியற்காலையும் அப்படியே இருக்கும்.

"எல்லாம் வைப்பன்," என்றாள் கௌசலா. "உங்கட சாப்பாடும் வைப்பன். கரட், லீக்ஸ் செய்து காட்டட்டா?"

செலீன் சற்று யோசித்து, புதன்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அதைச் செய்துகாட்டச் சொன்னாள்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: இவர்கள் பேசியது பிரெஞ்சில். செலீனை முதலில் புத்தகத் தமிழில் பேசவிட்டேன்; நோட்டீஸ் வாசிப்பது போலிருந்தது. சென்னைத் தமிழில் பேசவிட்டேன்; வேண்டாம், விடுங்கள். கதை கௌசலாவின் காதருகே நடப்பதால் செலீனும் மட்டக்களப்புப் பக்கத்துத் தமிழையே பேசிவிட்டுப் போகட்டும்.)

4.

ஒத்திகைகள். இந்தப் பகுதியை வேகமாகக் கடந்துவிடச் சொல்லி ஒரு நண்பர் யோசனை சொன்னார். மாட்டேன். சமைக்கிற கதையில் சமையலைத் தாண்டிக் குதித்தால் வேறு என்னதான் இருக்கிறது?

முதல் தடவை கௌசலா நிமிடத்துக்கொரு தரம் மூடியைத் திறந்து கிளறினாள். பழக்கதோஷம். லீக்ஸ் இதழ் இதழாகப் பிரிந்து கேரட்டைச் சுற்றிக்கொண்டது. அடுத்த தடவை தண்ணீரைத் தாராளமாக விட்டாள். கிடைத்தது சொதிக்கும் ரசத்துக்கும் நடுவில் ஏதோ ஒன்று. ரதீசன் ஒரு துண்டுக் காகிதத்தில் "ஆஸ்பத்திரிச் சாப்பாடு" என்று எழுதி வைத்துவிட்டு வேலைக்குப் போயிருந்தான். ஒதுக்கிய பச்சையைத் தேங்காய்ப்பூ போட்டு வறையாக்கினாள், நம் ஊர்ப் பொரியல் மாதிரி. அந்தச் சட்டி மட்டும் வழித்துத் துடைத்த மாதிரி இருந்தது.

பிறகுதான் பிடிபட்டது. இந்தக் கறிக்குத் தேவை கை இல்லை, கையைக் கட்டிக்கொண்டு நிற்பது. வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி லீக்ஸை வெண்ணெயில் அடுக்கி, அது பொன்னிறமாகும்வரை தொடக்கூடாது. கேரட்டைச் சாய்வாகத் தடிமனாக வெட்டி இடையில் செருக வேண்டும். பாதி மூழ்கும் அளவுக்குத் தண்ணீர், ஒரு பிரியாணி இலை, உப்பு. மூடியபின் மறந்துவிட வேண்டும். கடைசியில் மட்டும் திறந்து தண்ணீரை வற்றவிட்டால், மிஞ்சுகிற சாறு காயின் மேல் பளபளவென்று பிடித்துக்கொள்ளும். ரெண்டு சொட்டு எலுமிச்சை. முடிந்தது.

சரியாக வந்தது. ஆனால் அதைச் சாப்பிடுகிற கையைப் பார்க்க வேண்டுமே! ரதீசன் வருவதற்குள் தூங்கிவிடுவாள். அதனால்தான் டப்பாவை எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள்.

[அதாவது, என் கை புருஷன் கைக்குப் பதிலாக நின்றிருக்கிறது. இதை எழுதும்போதுதான் எனக்கே உறைக்கிறது. கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது, கொஞ்சம் கர்வமாகவும் இருந்தது.]

5.

இங்கேதான் நான் போத்தலை வைத்தேன்.

சொல்லிவிடுகிறேன். புதன்கிழமை காலை கௌசலா பேருந்தில் ஏறுவதாக ஒரு பத்தி எழுதினேன். அவள் பையில் ஏப்ரன், தன் கத்தி, எலுமிச்சை, பிறகு ஒரு சின்னப் போத்தலில் வீட்டில் வறுத்து அரைத்த கறித்தூள். எதற்கு என்று உங்களுக்கே தெரியும். கடைசி நிமிடத்தில் அவள் ஒரு சிட்டிகை தூவுவாள், வெள்ளைக்காரர்கள் புருவம் தூக்குவார்கள், கண்ணில் நீர், கைதட்டல். குடிபெயர்ந்தவர்கள் சமையலறைக்குள் நுழைகிற கதைகளில் மசாலா தோற்றதாகச் சரித்திரமே இல்லை. நானே அப்படி இரண்டு கதை எழுதியிருக்கிறேன். இரண்டும் நன்றாகப் போயின.

நேற்று அந்தப் பத்தியையும் அக்காவிடம் வாசித்தேன். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"என்ட பையில ஏன் தூள் போத்தல்?"

"கதைக்கு வேணும் அக்கா."

"எனக்கு வேணாமே."

"ஒரே ஒரு சிட்டிகைதான். செலீன் அசந்துபோயிடுவாங்க. படிக்கிறவங்களுக்கும் ரொம்பப் பிடிக்கும்."

"படிக்கிற ஆக்களுக்கா நான் சமைக்கிறன்?" அக்கா படியில் உட்கார்ந்துவிட்டார். "கேளு மனே. தூளைப் போட்டா அந்தப் பொம்பிளை சந்தோஷப்படும். ஓம். வியாழக்கிழமையை உடன தூக்கித் தந்திடும். பேந்து நான் கறிக்காரி. செவ்வாய்க்கிழமை சூப்புக்கு ஆர்? வேற ஆள். என்ட கறி எனக்குத் தெரியும், அதுக்கு ஆரும் சேர்டிபிகட் தரத் தேவையில்லை. எனக்கு அந்த அடுப்பு முழுக்க வேணும். நான் சமையற்காரி."

கீழே அவர் வீட்டுக்குள் பிரஷர் குக்கர் ஒரு தடவை கத்தியது.

"எடுத்திரு," என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார்.

6.

புதன்கிழமை.

சமையலறை பெரியது. கௌசலா சட்டியை மூடிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். செலீன் இரண்டு தரம் வந்து எட்டிப் பார்த்தாள். கிளறாமல் நிற்கிறாளே, இவளுக்குத் தெரியுமா தெரியாதா என்கிற பார்வை. கௌசலா அசையவில்லை. மூடியைத் திறந்து சாறு வற்றியதும் ஒரு தட்டில் எடுத்துவைத்தாள். பொன் நிறத்தில் லீக்ஸ், பளபளவென்று கேரட். செலீன் முள்ளுக்கரண்டியால் ஒரு வாய் எடுத்து மென்றாள்.

"நல்லாயிரிக்கு," என்றாள். "ஆனா உங்கட மசாலா எங்க? கொண்டு வந்திருப்பீங்களே?"

கௌசலாவுக்குக் காது சூடானது. தட்டை அரை அங்குலம் முன்னால் தள்ளினாள்.

"முதல்ல இதச் சாப்பிடுங்க."

செலீனின் கரண்டி அந்தரத்தில் நின்றது. பிறகு —

7.

பிறகு எனக்குத் தெரியாது. இன்று செவ்வாய்க்கிழமை. மேலே எழுதிய புதன்கிழமை முழுக்க என் கற்பனை. அக்கா நாளைக்குத்தான் போகிறார்.

முடிவுகள் என்னிடம் இல்லாமல் இல்லை. ஒன்றில் கரண்டி இரண்டாவது தடவை தட்டுக்குப் போகிறது, அடுப்பு முழுக்கக் கௌசலாவுக்குக் கிடைக்கிறது; இரவு மேசையில் அவள் ரதீசனின் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், அவன் கூச்சப்பட்டு, "என்னப்பா, தின்ன விடு" என்கிறான். இன்னொன்றில் செலீன் நன்றி சொல்லிக் கரண்டியைக் கழுவுதொட்டியில் போட்டுவிடுகிறாள், கௌசலா பேருந்தில் —

வேண்டாம். அந்தப் பேருந்தை நான் எழுதமாட்டேன்.

மூன்றாவதில் ஒரு சிட்டிகை தூள். அது உறுதியான முடிவு. வியாழக்கிழமை நிச்சயம் கிடைக்கும். ரதீசன் மற்ற நாளெல்லாம் மூடி வைத்த சாப்பாட்டைச் சுடவைத்துத் தனியாகத் தின்பான்.

போத்தலைப் பையிலிருந்து எடுத்துவிட்டேன். ஆனால் எறியவில்லை. இத்தனை பக்கம் நீங்கள் அதற்காகத்தான் காத்திருந்தீர்கள் என்று எனக்குத் தெரியும், நானும்தான் காத்திருந்தேன். அதனால் உங்களிடம் தருகிறேன், பிடியுங்கள். வாசனை தூக்கலாக இருக்கும். நாளைக்கு அந்தச் சமையலறையில் அக்காவுக்கு ஒரு முழம் தள்ளி நீங்கள் நில்லுங்கள், நான் இருக்கமாட்டேன். செலீன் மசாலா எங்கே என்று கேட்பாள். கேட்காமல் இருக்கமாட்டாள். அப்போது கௌசலா அக்கா ஒரு நொடி உங்கள் பக்கம் திரும்புவார்.

உங்கள் முகத்தைப் பார்க்கமாட்டார். கையைத்தான் பார்ப்பார்.